முகாமில் எல்லோரும் பட்டு கட்டியிருந்தார்கள்

இன்று காலை ஸ்டாஃப் ரூம் கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. மழை தொடங்குவதற்கு முன்பே வெள்ள நிவாரணத்துக்குத் துணி சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று எங்கள் பள்ளித் தொண்டர் குழுப் பெண்கள் இந்த வருஷம் முடிவு செய்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் யாரோ ஒரு பை நிறையச் சேலை கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து என் மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பையைப் பிரித்தால், மேலேயே ஒரு பட்டுச் சேலை. பச்சை உடல், அரக்குக் கரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உனக்குச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். உன் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

பட்டுச் சேலையைப் பார்த்து ஒருத்தி சிரித்தால் அதற்கு என்ன காரணம் என்று உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது உள்ளே வந்த குழுப் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மிஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நாம் படித்த காலத்தில் நம் தொண்டர் குழு எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? பச்சைத் தொப்பி, பச்சை பேட்ஜ். தேர் வந்தால் கயிறு பிடித்துக்கொண்டு நிற்போம். கருட சேவைக்கு நீர்மோர் ஊற்றுவோம். ஆடி மாதம் வந்தால் மரம் நடுவோம். அந்த மரம் நடும் குழி மட்டும் வருஷா வருஷம் ஒரே குழிதான். போன வருஷம் நட்டது பட்டுப்போயிருக்கும், அதே குழியில் இந்த வருஷம் புதுக்கன்று வைத்து, ஹெச்.எம். தண்ணீர் ஊற்ற, போட்டோ. "குழி தோண்ற வேலையாவது மிச்சம்பா" என்று நீதான் சொல்வாய்.

நீ லீடர் ஆனது உன் குரலால். மைதானத்தில் அந்தக் கோடியில் நின்று நீ "வரிசை!" என்றால் இந்தக் கோடியில் இருக்கிற சத்துணவுக் கூடத்துக்குக் கேட்கும். வரலாறு மிஸ்தான் குழுவுக்குப் பொறுப்பு. அவர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு இருந்தா மைக் செட்டே வேணாம்" என்று உன்னை லீடராகவும், உன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த என்னைத் துணை லீடராகவும் போட்டார். வேகவதி ஓரத்துக் காலனியிலிருந்து வருகிறவள் லீடரா என்று இரண்டொரு பெண்கள் முணுமுணுத்தது உன் காதிலும் விழுந்தது. மறுநாள் பேட்ஜை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் குத்திக்கொண்டு வந்தாய்.

அந்த மழை நாம் பதினொன்றாவது படிக்கும்போது வந்தது. நிற்காமல் பெய்தது. வேகவதியை அதற்கு முன் நாம் ஆறு என்றே சொன்னதில்லை, சாக்கடை என்றுதான் சொல்வோம். அது கரை தாண்டி வீடுகளுக்குள் நுழைந்ததும், ஜனங்களை அழைத்துவந்து நம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு, வகுப்புக்கு நான்கைந்து குடும்பம் என்று இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் இருக்கிற தொண்டர் குழுப் பெண்களை மிஸ் போன் போட்டு வரச்சொன்னார். நீ என் வீட்டு வாசலில் தொப்பியோடு நின்றாய். முழுக்க நனைந்திருந்தாய். "பஸ் இல்ல, கொஞ்ச நாள் உங்க வீட்ல தங்கிக்கிறேன்பா" என்றாய். அம்மா உனக்குத் தலை துவட்டிவிட்டார். எனக்கு ஒரே குஷி. நீ ஏன் பஸ் இல்லாத ஊருக்குள் நடந்து வந்தாய், உன் வீட்டில் என்ன நிலைமை என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முகாமில் முதலில் கண்ணில் பட்டது, யாரிடமும் மாற்றுத்துணி இல்லை என்பதுதான். கட்டிய துணியோடு வந்திருந்தார்கள். அதுவும் ஈரம். "உங்க தெருவுல கேக்கலாமா?" என்றாய். என் தெரு நெசவுத் தெரு. ஒன்று விட்டு ஒரு வீட்டில் தறி. நாம் இரண்டு பேரும், இன்னும் நான்கைந்து பெண்களும் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். "வெள்ளத்துல வந்தவங்களுக்குத் துணி குடுங்க" என்று கேட்டோம். அங்கேதான் எங்கள் தெருக்காரர்கள் தங்கள் புத்தியைக் காட்டினார்கள்.

கஷ்டத்தில் இருக்கிறவருக்குக் கிழிசலைக் கொடுப்பது அசிங்கம் என்பது எங்கள் தெருவின் எண்ணம். கொடுத்தால் நல்லதாகக் கொடுக்க வேண்டும். நல்லது என்றால் எங்கள் தெருவில் ஒன்றே ஒன்றுதான். கரையில் இழை தப்பிப்போய், முந்தியில் ஏதோ பிசகி, கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த பட்டுச் சேலைகள் எல்லா வீட்டுப் பெட்டியிலும் ஒன்றிரண்டு கிடக்கும். அதை எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் குற்றமே இல்லாததையும் கொடுத்தார்கள். என் அம்மா நைட்டியில் நின்றுகொண்டு, தன் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறைகூடக் கட்டாத சேலையை உன் கையில் வைத்தார். "கட்டினா மனசுக்கு ஒரு தெம்பு வரும், போய்க் குடுங்கம்மா." நமக்குப் பெருமை தாங்கவில்லை. மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலையில் முகாமைப் பார்க்க வேண்டுமே! உப்புமா வரிசையில் பெண்களெல்லாம் ஜரிகை மினுமினுக்க நிற்கிறார்கள். யாரோ அரிசி மூட்டை இறக்க வந்தவர், "இன்னா இங்க கல்யாணமா நடக்குது?" என்று கேட்டேவிட்டார். வரிசையில் நின்றவர்களே சிரித்துவிட்டார்கள். நீயும் நானும் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கச் சிரித்தோம். உன் சிரிப்பு பாதியில் நின்றதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் காரணம் கேட்கவில்லை.

அன்று முற்பகல், ஈரத்துணியைக் காயப்போட இடம் தேடிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் போனேன். நீ கீழே உட்கார்ந்திருந்தாய். என் அம்மாவின் சேலையைக் கட்டிய ஒரு பெண் உனக்குப் பின்னால் நின்று உன் சடையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் மூக்கு, உன் நெற்றி. என்னைப் பார்த்ததும் அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, "பாப்பா தலை கலைஞ்சிருந்திச்சி, அதான்" என்று யாரோ போலச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். பெற்ற மகளை ஊரார் பிள்ளை மாதிரி 'பாப்பா' என்கிறார்.

"யாருக்கும் சொல்லாதடி" என்றாய். "வீட்ல கூரை மட்டும்தான் தெரியுது. அப்பா, தம்பி, அம்மா எல்லாம் எட்டாவது 'ஏ' கிளாஸ்ல இருக்கிறாங்க."

"ஏன்டி சொல்லல? மிஸ்கிட்ட சொன்னா..."

"மிஸ் இன்னா சொல்வாங்க? 'நீ போய் ரெஸ்ட் எடும்மா'ன்னு சொல்லிட்டு பேட்ஜ வேற யார்கிட்டயாவது குடுப்பாங்க. லீடரே தட்டத் தூக்கினு வரிசைல நின்னா யாரு என் பேச்சக் கேப்பாங்க? அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னு."

உன் அம்மா அதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லையாம். அதுதான் உன்னை உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அப்போது நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பேட்ஜ் உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். எனக்கு அது ஒரு பச்சை அட்டை. நீயோ அதைக் குத்திக்கொண்ட பிறகுதான், காலனிப் பெண் என்ற பெயர் போய், லீடர் என்ற பெயரோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்தாய்.

மதியம் நாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தோம். எட்டாவது 'ஏ'வில் ஆம்பிளைகளும் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். உன் அம்மா டம்ளரை வாங்கவில்லை. "வேணாம் பாப்பா" என்றார். நீ அங்கேயே நின்றாய். "காலைலயும் குடிக்கல" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாய். "வேணாம்" என்றார் மறுபடியும். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா உன் கையைப் பிடித்து இழுத்து, குனியச்சொல்லி, காதில் என்னவோ சொன்னார். நீ நிமிர்ந்தபோது உன் முகம் மாறியிருந்தது.

அந்த அக்கா சொன்னது இதுதான்: முகாமில் பெண்கள் கட்டியிருந்தது வெறும் பட்டு. உள்ளே பாவாடை கிடையாது. இருந்த ஒரே பாவாடை ஈரமாகிக் கொடியில் தொங்குகிறது, மழையில் அது காய்வதாக இல்லை. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, வழுக்குகிற சேலையை அதில் சொருகி வைத்திருக்கிறார்கள். கழிப்பறை மைதானத்துக்கு அந்தப் பக்கம். முழங்கால் சேற்றில், இந்தச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை ஆம்பிளைகள் நிற்கிற வராந்தாவைத் தாண்டி எப்படிப் போவது? அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. உன் அம்மா மட்டுமில்லை, பாதிப் பேர். வீட்டுக்கு விலக்கான நாளில் இருந்த இரண்டு பெண்கள் மூலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மிஸ் ஒவ்வொரு வகுப்பாக வந்து "எல்லாம் வசதியா இருக்குதாம்மா?" என்று கேட்டபோதெல்லாம் "இருக்குதும்மா" என்றுதான் சொன்னார்கள். பட்டே கொடுத்தவர்களிடம் பாவாடை எப்படிக் கேட்பது?

நீ மிஸ்ஸிடம் போய்ச் சொன்னாய். உன் அம்மா என்று சொல்லவில்லை, அவர்கள் என்று சொன்னாய். மிஸ் சங்கடப்பட்டார். "அந்தத் தெருக்காரங்க இருக்கிறதுலயே நல்லதக் குடுத்திருக்கிறாங்க. இப்பப் போய் இது வேணாம், வேற குடுங்கன்னு கேட்டா மனசு கஷ்டப்படுவாங்களேம்மா. வேற எங்கனா பாப்போம். நாளைக்கு யாராச்சும் வருவாங்க." மிஸ் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாளை வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். நீ பி.டி. மிஸ்ஸின் அறையிலிருந்து கைமைக்கை எடுத்தாய். "வா" என்றாய். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மழை தூறலாக இருந்தது. எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்டது. முந்தின நாள் வந்த அதே பெண்கள் நம்முடன். தெரு நடுவில் நின்று, தேர்த் திருவிழாவில் சொல்கிற மாதிரியே ஆரம்பித்தாய்: "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே..." ஜனங்கள் வெளியே வந்தார்கள். முகாமில் இருப்பவர்களுக்கு உள்பாவாடை வேண்டும், நைட்டி வேண்டும், சுத்தமான பருத்தித்துணி வேண்டும் என்று சொன்னாய். மைக்கில் அந்த வார்த்தைகள் தெரு முழுக்கக் கேட்டன. தறி ஒவ்வொன்றாக நின்றது. ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது, ஓடிவிடலாமா என்றிருந்தது.

கோடி வீட்டுப் பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "பட்டே குடுத்தோம். அதுவும் பத்தாதுன்னா, இன்னாம்மா ஜனங்க இவங்க? தலைல வெச்சி ஆடணுமா?" என்றார். என் அம்மாவுக்கும் முகம் சுண்டிவிட்டது. தன் சேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்கிற வருத்தம்.

நீ மைக்கைக் கீழே இறக்கினாய். குழுப் பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்துச் சொன்னாய், மைக் இல்லாமலே:

"அய்யா, எங்க வீடும் முழுகிடிச்சி. எங்க அம்மா அங்கதான் இருக்கிறாங்க. இந்த ஆன்ட்டி குடுத்த பட்டத்தான் கட்டிக்கினு இருக்கிறாங்க. அவங்க ஜென்மத்துல பட்டு கட்னதில்ல. ரொம்ப நல்லா இருக்குது. ஆனா உள்ள கட்ட பாவாடை இல்லாம பாத்ரூம் போவ முடியாம, காலைலேர்ந்து தண்ணி குடிக்காம உக்காந்துனு இருக்கிறாங்க. நான் குடுத்தேன், என் கைலேர்ந்தே வாங்கிக் குடிக்கல. எங்க அம்மாவுக்கு ஒரு பாவாடை குடுங்க. பழசா இருந்தாலும் பரவால்ல."

உன் குரல் உடையவில்லை. எனக்குத்தான் உடைந்தது.

பெரியவர் விருட்டென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து, "ஏய், கொடில கெடக்கிறதெல்லாம் எடுத்துக் குடுடி!" என்று வீட்டம்மாவிடம் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. என் அம்மா உன் கன்னத்தைப் பிடித்து, "ஏன்டி, எங்க வீட்ல தங்கிக்கினே எங்கிட்ட சொல்லலியே" என்று அழுதார். அதற்குள் பெண்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். காய்ந்தும் காயாமலும் கொடியில் கிடந்தவை, பெட்டி போட்டு மடித்து வைத்தவை, சாயம் போனவை, எல்லாம் வந்தன. மெடிக்கல் ஷாப்காரர் கறுப்புக் கவர்களில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டி நிறைய நாப்கின் அனுப்பினார். குழுப் பெண்களில், நீ லீடரா என்று முன்பு முணுமுணுத்தவளே முதல் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டாள்.

எட்டாவது 'ஏ' வாசலில் நின்று நீ "அம்மா!" என்று கூப்பிட்டாய். உன் முழுக்குரலில். வகுப்பே திரும்பிப் பார்த்தது. உன் அம்மா பதறி எழுந்து வந்து, "ஏண்டி சொன்ன, ஏண்டி சொன்ன" என்று உன் முதுகில் இரண்டு வைத்தார். அப்புறம் உன்னைக் கட்டிக்கொண்டார். அரைமணி கழித்து நைட்டியில் வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். பேட்ஜை யாரும் உன்னிடமிருந்து வாங்கவில்லை. நீ சாயங்காலம் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிவிட்டு, பிறகு வந்து எங்களுக்கு வேலை சொன்னாய். நாங்கள் கேட்டோம். முன்னைவிட அதிகமாகவே கேட்டோம்.

முகாமில் இருந்தவர்கள் பட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது என் தெருக்காரர்கள் வாங்கவில்லை. உன் அம்மா அதைப் பல கிறிஸ்துமஸுக்குக் கட்டினார். மாதா படத்துக்கு முன்னால் அவரும் நீயும் நிற்கிற போட்டோ என் போனில் இருக்கிறது.

பிளஸ் டூ முடித்து நீ ஒரு கம்பெனிக்குப் போனாய். பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் அங்கேயும் லைன் லீடர். "உனக்கு வேற வேலையே தெரியாதாடி?" என்று கிண்டல் செய்வேன். புதிதாகச் சேரும் பெண்களுக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்பே பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுவாயாம். "போவணும்னா கைய தூக்குங்க, அடக்கினு நிக்காதீங்க" என்பாயாம். உன் லைன் பெண்கள் உன் அடக்கத்துக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னார்கள். போன மழையில் வந்த காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியும் நீ போன செய்தியும் எனக்கு அடுத்தடுத்து வந்தன. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

அடக்கத்தன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலி போட்டேன். தண்ணீர் கேன் சொன்னேன். வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தேன். உன் தம்பியை உட்காரவைத்துச் சாப்பிடவைத்தேன். "கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கினா" என்று காலனியில் சொன்னார்களாம். துணை லீடர் புத்தி எங்கே போகும். யாராவது "நீ எப்படிம்மா இருக்கிற?" என்று கேட்டால், "இருக்கிறேன்" என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். பள்ளியிலும் அதையே சொன்னேன். பல வாரம் அப்படியே ஓட்டினேன். ராத்திரி தூக்கம் கிடையாது, சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் அதே பதில்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தொண்டர் குழுக் கூட்டம். புது லீடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லீடர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நான் பெண்களிடம் பேச ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் போயிருக்கும். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம், எப்போதும் செய்கிறதுதான். அப்போது நீ தெரு நடுவில் மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு கண்முன்னால் வந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"என் ஃப்ரெண்டு செத்துப்போயிட்டா" என்றேன். "எனக்கு இன்னிக்கு முடியல. யாராவது கொஞ்ச நேரம் எங்கூட உக்காருங்கம்மா."

பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதே இல்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உனக்காக நான் முதல் தடவையாக அங்கேதான் அழுதேன்டி.